மிச்சத் துணியில் எட்டுப் பட்டைகள்

டேப்பக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது யாரென்று இன்றுவரை தெரியாது. வைத்தவர் யாராயிருந்தாலும் கெட்டிக்காரர். காலையில் பல் துலக்கும்போதே அவள் கழுத்தில் அளவு டேப் ஏறிவிடும். படுக்கப் போகும்போதுதான் இறங்கும். வீட்டின் முன்னறைதான் தையல் கடை. ஒரு மெஷின், ஒரு வெட்டுமேசை, வேகத்தைக் கூட்டினால் முனகும் ஒரு ஃபேன், சுவர் முழுக்க ஆணிகளில் தொங்கும் துணிப்பைகள், நூலால் கட்டிய ஓர் அளவு நோட்டு. அந்தப் பத்துக்குப் பத்து அறையில் அவள் வைத்ததுதான் சட்டம்.

சட்டம் ஒன்றே ஒன்று. டேப்பக்காவுக்கு அளவு தப்பாது. யாரையும் ஒரு தடவைதான் அளப்பாள். "ரெண்டு தடவை அளக்கறவங்களுக்கு முதல் தடவை மேல நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம்" என்பாள். தைத்த சட்டை இறுக்கிப் பிடித்தால் உங்களுக்கு உடம்பு போட்டுவிட்டது. தொளதொளத்தால் நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. ஒருமுறை பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், கால் ஒன்று நீளமும் ஒன்று குட்டையுமாக இருந்த பேன்ட்டைப் போட்டுக்கொண்டே வந்து காட்டினார். "சார், நீங்க நிக்கற விதம் சரியில்ல" என்று சொல்லி, எப்படி நிற்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்து அனுப்பினாள். மனிதர் ஒரு மாதம் அப்படியே நின்று பார்த்தார், பாவம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம். கொழுந்தனின் கல்யாணச் சட்டைதான் சிரிக்க முடியாத இடத்துக்குப் போய்விட்டது.

கொழுந்தன் என்றால் அவள் வீட்டுக்காரரின் ஒரே தம்பி. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிற வேலை. மூன்று வருடத்துக்கு முன்னால் அவன் கல்யாணத்துக்கு வெளிர்நீலத்தில் ஒரு முழுக்கைச் சட்டை தைத்துக் கொடுத்தாள். கல்யாணத்தன்று காலையில்தான் அவன் அதைப் போட்டுப் பார்த்தான். வலது கை ஒரு இன்ச் குட்டை. "அண்ணி, இந்தக் கை மட்டும் ஏறிக்கிட்டு நிக்குதே" என்றான். "சட்டை சரியாத்தான் இருக்கு. உன் வலது கைதான் ஒரு இன்ச் நீளம். மீட்டரை எட்டி எட்டிப் பார்த்து நீண்டு போச்சு" என்றாள் அண்ணி, அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கல்யாண ஆல்பம் முழுக்க மாப்பிள்ளை வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான்.

பேச்சு நின்றதே ஒழிய, அவன் அண்ணன் வீட்டுக்கு வருவது நிற்கவில்லை. நடுவில் அண்ணன்காரர் மாட்டிக்கொண்டார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனிதர். தம்பி கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணா, அண்ணிகிட்ட குடிக்கத் தண்ணி கேளு" என்பான். இரண்டடி தள்ளி நிற்கும் அவள், "பானையில இருக்குன்னு உங்க தம்பிகிட்ட சொல்லுங்க" என்பாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பியே அவருக்குக் கழுத்துவலி வந்து, தைலம் தேய்க்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் கால்நடை டாக்டரம்மா ஒரு மஞ்சள் துணிச் சுருளைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். சின்ன வயசு. பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. தெருநாய், வீட்டுநாய் எல்லாவற்றுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போடுகிற முகாம் நடக்கப்போகிறதாம். ஊசி போட்ட நாயின் கழுத்தில் மஞ்சள் பட்டை கட்டிவிட்டால், எது போட்டது, எது போடாதது என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். அறுபது பட்டை வேண்டும், எல்லாம் ஒரே அளவில், இழுத்து ஒட்டிக்கொள்கிற மாதிரி. அக்கா துணியை வெட்டிக்கொண்டிருந்தாள்; டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்து வெறிநோயைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சொன்னதில் பாதிதான் அக்காவின் காதில் ஏறியது. ஆனால் எண் என்று ஒன்று வந்துவிட்டால் அவள் காது தானாகத் திறந்துகொள்ளும், தொழில் பழக்கம். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். அதே நாளில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஐந்து தவணை ஊசி என்று சொன்னால் ஐந்தும் போட்டாக வேண்டும். "நோய் வெளியில தெரிய ஆரம்பிச்சுட்டா அப்புறம் எந்த டாக்டராலயும் காப்பாத்த முடியாதுக்கா. அதுக்கு முன்னாடி ஊசியைப் போட்டுக்கிட்டா பயமே இல்ல" என்றாள் டாக்டரம்மா. "ம்" கொட்டியபடி டேப்பக்கா கத்தரியை ஓட்டினாள்.

அறுபது பட்டைக்கான துணியில் அவள் அறுபத்தெட்டு எடுத்துவிட்டாள். துணியைத் திருப்பிப் போட்டு, நுனியோடு நுனி சேர்த்து, ஒரு விரலளவுகூட வீணாகாமல் வெட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அறுபதை எண்ணிக் கொடுத்தாள். எட்டு, மேசை டிராயரில் தங்கியது. மிச்சத் துணியைத் தூக்கிப் போடுவது அவள் பழக்கத்திலேயே கிடையாது.

முகாம் இரண்டு நாள் நடந்து முடிந்தது. வலைக்குத் தப்பி ஓடிய நாய்களும், வீட்டுக்காரர்கள் வெளியூர் போயிருந்ததால் விட்டுப்போன நாய்களும் மிஞ்சின. யாரோ ஒரு புண்ணியவான் ஒரு புரளியைக் கிளப்பிவிட்டான்: பட்டை இல்லாத நாயையெல்லாம் வண்டியில் அள்ளிக்கொண்டு போய்விடுவார்களாம். மறுநாளே கடை வாசலில் ஆட்கள். "அக்கா, எங்க நாய்க்கும் ஒண்ணு தாங்களேன். அடுத்த முகாம்ல கண்டிப்பா ஊசி போட்டுக்கறோம்." டேப்பக்காவுக்கு இதில் ஒரு தப்பும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்பே சீருடை தைத்து வைத்துக்கொள்வதில்லையா? முதலில் சட்டை, அப்புறம் பள்ளிக்கூடம். முப்பது வருடமாக அவள் பார்த்த உலகம் அப்படித்தான்.

சும்மாவும் கொடுக்கவில்லை. எட்டு நாய்க்கும் தனித்தனியாகக் கழுத்தளவு எடுத்தாள். எல்லாக் கழுத்துக்கும் ஒரே பட்டை என்பதை அவள் தன்மானம் ஏற்கவில்லை. ஒவ்வொன்றையும் பிரித்து, அளவாகத் தைத்து, நோட்டிலும் எழுதிக்கொண்டாள். வாத்தியாரின் இடுப்பளவுக்குக் கீழே வரிசையாக நாய்களின் கழுத்தளவு வந்தது. எட்டாவது, இஸ்திரிக் கடைக்காரர் சாப்பாடு போடுகிற தெருநாய். இரண்டு மாதம் முன்னால் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. உடம்பெல்லாம் சாம்பல் நிறம், மார்பில் மட்டும் சதுரமாக வெள்ளை. சட்டைப் பையில் கைக்குட்டை செருகிய மாதிரி இருக்கவே, அவளே அதற்குக் கர்ச்சீப் என்று பெயர் வைத்தாள். 'கர்ச்சீப், இஸ்திரிக் கடைச் சந்து, கழுத்து பதினாலரை' என்று எழுதி நோட்டை மூடினாள்.

பத்து நாள் போயிருக்கும். வேனை வாசலில் நிறுத்திவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த வீட்டுக்காரர், தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு சாவகாசமாக ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"தம்பிய காலையில நாய் கடிச்சிருச்சாம்."

"எங்க?"

"கெண்டைக்கால்ல. ரெண்டு பல்லு பதிஞ்சு லேசா ரத்தம் வந்துச்சாம். இஸ்திரிக் கடைச் சந்துல மீட்டர் பார்க்கப் போனவன் தெரியாம வாலை மிதிச்சிட்டான். கவலைப்பட ஒண்ணுமில்ல, மஞ்சப் பட்டை போட்ட நாய்தானாம்."

டேப்பக்காவின் கையிலிருந்த கரண்டி பாதி வழியில் நின்றது.

"நாய் என்ன கலரு?"

"சாம்பலா, நெஞ்சுல வெள்ளையா ஏதோ சொன்னான். ஏன், நாய்க்குச் சட்டை தைக்கப் போறியா?"

கர்ச்சீப்பேதான். அந்த நாய்க்கு ஊசி போடவில்லை என்பது இஸ்திரிக்காரருக்கும் அவளுக்கும்தான் தெரியும். இஸ்திரிக்காரர் வாயைத் திறக்கப் போவதில்லை. அந்த நாய் எங்கிருந்து வந்தது, எந்த நாயிடம் கடி வாங்கியிருந்தது, அது யாருக்குமே தெரியாது.

"எதுக்கும் உங்க தம்பிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. இப்பவே போன் போடுங்க" என்றாள்.

போனில் கொழுந்தனின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "எதுக்குண்ணா? ஊசி போட்டாச்சுன்னுதானே அந்தப் பட்டையே கட்டியிருக்காங்க. நான் தினமும் நூறு வீட்டு கேட்டைத் திறக்கறவன். பட்டையைப் பார்த்துட்டுத்தான் உள்ள காலே வைக்கறேன். நாய்க்கும் ஊசி, எனக்கும் ஊசியா? தொப்புளைச் சுத்திப் பதினாறு போடுவாங்களாம். ஆளை விடு. பவுடரைப் போட்டுத் துணியால கட்டியிருக்கேன், ஆறிடும்."

"என்ன பவுடர்டா?"

"மூஞ்சிக்குப் போடறதுதான்."

போன் வைக்கப்பட்டது. டேப்பக்கா வெட்டுமேசையின் முன்னால் போய் உட்கார்ந்தாள். பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கமாக இருந்தது. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. நாய் நல்ல நாயாகவும் இருந்துவிடலாம். ஆனால் இருந்துவிடலாம் என்பது ஓர் அளவா? அவனுக்கு ஒரு வயதில் பெண் குழந்தை இருந்தது. அதற்கு இவள்தான் கவுன் தைத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்தனுப்புவாள். போன வாரம்கூட ஒன்று போயிருந்தது. அவள் அளவு நோட்டை எடுத்து இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"சாப்பிட்டது போதும். வேனை எடுங்க."

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான குட்டி சீட்டில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து, மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக டேப்பக்கா கொழுந்தன் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த ஓரகத்தி இடுப்பில் குழந்தையோடு அவசரமாக வழிவிட்டாள். உள்ளே கொழுந்தன் காலை ஸ்டூலில் நீட்டி, கட்டுப் போட்ட இடத்தை ராஜ மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அண்ணா, அண்ணி எதுக்கு வந்திருக்காங்கன்னு கேளு."

வீட்டுக்காரர் வழக்கம்போலக் கழுத்தைத் திருப்பினார். "நீங்க சும்மா இருங்க" என்று அவரை அடக்கிவிட்டு, டேப்பக்கா நேராகக் கொழுந்தனைப் பார்த்தாள்.

"தம்பி, உன்னைக் கடிச்ச நாய்க்கு ஊசி போடல. அந்தப் பட்டைய நான்தான் மிச்சத் துணியில தைச்சுக் கட்டிவிட்டேன். தப்பு என்னோடது. கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

கொழுந்தன் சிரித்தான். சும்மா சிரிக்கவில்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"அண்ணா, கேட்டியா? அண்ணி தப்புப் பண்ணிட்டாங்களாம். அவங்க வாயால சொல்றாங்க. எனக்கு ஊசின்னா பயம்னு தெரிஞ்சு, வயித்துல பதினாறு குத்து வாங்க வெச்சு வேடிக்கை பார்க்க வந்திருக்காங்க. நான் போகமாட்டேன்னு சொல்லிடு."

முப்பது வருடம் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றிய பெயர் இப்போது அவளுக்கே வினையாக வந்து நின்றது. தப்பே செய்யாதவள் தப்புச் செய்தேன் என்றால் யார் நம்புவார்கள்? நோட்டைத் திறந்து கர்ச்சீப்பின் கழுத்தளவைக் காட்டினாள். "இப்ப வர்ற வழியில எழுதினதா இருக்கும்" என்று அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

டேப்பக்கா நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம். பழுப்பேறிய ஒரு பக்கத்தில் நிறுத்தி, அவன் மடியில் வைத்தாள்.

"படி."

அவன் பெயர் இருந்தது. தோள், மார்பு, நீளம். கடைசியில், 'கை, இரண்டும் இருபத்து நாலு.'

"ரெண்டு கையும் இருபத்து நாலுதான். அளந்தது சரி, எழுதினது சரி. வெட்டினதுதான் ஒண்ணு இருபத்து மூணா போச்சு. உன் கையில ஒரு குறையும் இல்ல தம்பி, என் கத்தரிதான் தப்பிடுச்சு. கல்யாணம் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் நோட்டைப் பார்த்தேன். மூணு வருஷமா சொல்ல வாய் வரல." அவள் அந்த வரியில் விரலை வைத்தாள். "அந்தத் தப்பை நான் ஒத்துக்காததால உன் சட்டைதான் குட்டையாவே கிடந்துச்சு. இந்தத் தப்பை ஒத்துக்காம விட்டா உன் உசுரே போயிடும்பா. எந்திரி."

கொழுந்தன் அந்தப் பக்கத்தைப் பார்த்தான். தன் வலது கையைப் பார்த்தான். அப்புறம் அண்ணியின் முகத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணி, நிஜமாவா?"

மூன்று வருடத்தில் அவன் அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். ரசிக்க நேரமில்லை. டேப்பக்கா அவனைக் குளியலறைக் குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கட்டை அவிழ்த்து, பவுடரையெல்லாம் வழித்து, சோப்பைக் கையில் கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி கதவருகே நின்றாள். ஆறு நிமிடத்தில் அவன் குழாயை மூடப் போனான்.

"போதும் அண்ணி, சோப்பே கரைஞ்சு போச்சு."

"இன்னும் ஒன்பது நிமிஷம் இருக்கு. அளவுன்னா அளவு."

பதினைந்தாவது நிமிடம் முடிகிற வரையில் அவள் இமைகூட அசைக்கவில்லை. பிறகு அண்ணன், தம்பி, அண்ணி, ஓரகத்தி, குழந்தை என்று மொத்தக் குடும்பமும் பள்ளிக்கூட வேனில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியது. குழந்தைக்கு மட்டும்தான் சீட் சரியாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் கொழுந்தன் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடினான். நர்ஸம்மா சிரித்துவிட்டாள். "தொப்புள் ஊசியெல்லாம் எப்பவோ ஒழிஞ்சுபோச்சு. கையை நீட்டுங்க." கையில் ஒன்று போட்டார்கள். ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றியும் மருந்து ஏற்றினார்கள். அதற்கு அவன் அண்ணியின் கழுத்திலிருந்த டேப்பின் நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முப்பது வயது ஆண்பிள்ளை என்பதை மறந்து கத்தினான். "பட்டை போட்ட நாய்ன்னு வீட்டுல உட்கார்ந்துட்டீங்களாக்கும்" என்றாள் நர்ஸம்மா. "பட்டை இருந்தாலும் இல்லாட்டியும், கடிச்சா கழுவிட்டு நேரா இங்க வரணும். ஊசி வேணுமா வேண்டாமான்னு நாங்க பார்த்துச் சொல்லுவோம்."

அங்கிருந்து டேப்பக்கா கால்நடை டாக்டரம்மாவிடம் போய் எட்டுப் பட்டைக் கதையையும் சொன்னாள். எப்போதும் பேசிக்கொண்டே இருக்கிற டாக்டரம்மா முதல் தடவையாக ஒரு நிமிடம் பேசவில்லை. அதற்கு அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது டேப்பக்காவுக்கு. பிறகு, "அந்த எட்டு எதெதுன்னு எப்படிக்கா கண்டுபிடிக்கறது?" என்று கேட்டாள். டேப்பக்கா நோட்டை நீட்டினாள். எந்த வீடு, எந்தச் சந்து, எந்தக் கழுத்து, எல்லாம் அதில் இருந்தது. இரண்டே நாளில் ஏழு நாயைப் பிடித்து ஊசி போட்டார்கள். வெறிநோய் அறிகுறி தெரிகிறதா என்று, டாக்டரம்மா சொன்னபடி, கர்ச்சீப்பை இஸ்திரிக்காரர் பத்து நாள் கட்டிவைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். அது நன்றாகச் சாப்பிட்டது, நன்றாகத் தூங்கியது, பதினோராம் நாள் தானும் ஊசி போட்டுக்கொண்டது. நாய்க்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் கொழுந்தன் தவணையை நிறுத்தவில்லை. அண்ணி நிறுத்த விட்டால்தானே.

அடுத்த முகாமில் டாக்டரம்மா, "நீங்களே சொல்லுங்கக்கா" என்று மைக்கைக் கையில் கொடுத்துவிட்டாள். மைதானம் நிறைய ஆட்கள், நாய்கள். டேப்பக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நான் எட்டு நாய்க்குத் தப்பா பட்டை தைச்சுட்டேன். அதை நம்பி ஒருத்தர் உசுரையே பணயம் வெச்சுட்டார்" என்று ஆரம்பித்தாள். நோயைவிட அக்கா தப்பை ஒப்புக்கொண்டதுதான் பெரிய செய்தி என்பது ஒவ்வொரு முகத்திலும் எழுதியிருந்தது. சோப்பு, பதினைந்து நிமிடம், அதே நாளில் ஆஸ்பத்திரி என்று அவள் சொன்னதை அன்றைக்கு ஒரு ஆள்கூடக் கொட்டாவி விடாமல் கூட்டம் கேட்டது. முடித்ததும் பின்வரிசையிலிருந்து பள்ளிக்கூட வாத்தியார் எழுந்தார்.

"அப்போ என் பேன்ட்டும் அப்படித்தானா?"

"அது நீங்க நிக்கற விதந்தான் சார்."

மைதானமே சிரித்தது. நாய்கள்கூடக் குரைத்தன. அதற்குப் பிறகு கடைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் யாரும் தப்ப முடிவதில்லை. டேப் கழுத்தைச் சுற்றியிருக்கும்போது எங்கே ஓடுவது? "நாய் பூனை எது கடிச்சாலும், கீறினாலும் என்ன பண்ணணும்? சொல்லு பார்ப்போம்" என்று கேட்டு, சரியான பதில் வந்த பிறகுதான் டேப்பை எடுப்பாள்.

கடைசித் தவணை போட்ட அன்று சாயங்காலம் கொழுந்தன் கடைக்கு வந்தான். அண்ணன் கூட வரவில்லை. அண்ணனுக்குக் கழுத்துவலியும் இப்போது இல்லை.

"அஞ்சும் போட்டாச்சு அண்ணி."

"வலிக்குதா?"

"இல்ல." அவன் கையிலிருந்த பையை மேசைமேல் வைத்தான். உள்ளே அந்த வெளிர்நீலச் சட்டை இருந்தது. "இதைச் சரி பண்ண முடியுமா? இவ்வளவு நாள் கழிச்சு இந்தத் துணி கிடைக்காதுன்னு தெரியும். எதையாவது ஒட்டுப் போட்டாலும் பரவாயில்ல."

டேப்பக்கா எழுந்து போய், சுவரில் கடைசி ஆணியில், எல்லாப் பைகளுக்கும் அடியில் தொங்கிய ஒரு சின்னப் பையை எடுத்து வந்தாள். தேடவேயில்லை, கை நேராக அங்கேதான் போயிற்று. பைக்குள் வெளிர்நீலத் துணித் துண்டு ஒன்று நான்காக மடித்திருந்தது. மேலே குண்டூசியில் குத்திய காகிதம். மை மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. 'கொழுந்தன். வலது கை. ஒரு இன்ச்.'

அவன் அதை இரண்டு தடவை படித்தான்.

"இதை எப்ப எடுத்து வெச்சீங்க?"

"கல்யாணத்துக்கு மறுநாள். நீ கேட்டா தைச்சுக் குடுத்துடலாம்னு இருந்தேன்."

"நான் கேக்கவேயில்லையே அண்ணி."

"நானும் சொல்லவேயில்லையே."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஃபேன் தூசி என்று ஏதோ சொன்னான். "கையை நீட்டு" என்றாள் டேப்பக்கா. வலது கை நீண்டது. தோளிலிருந்து மணிக்கட்டு வரை டேப்பை வைத்துப் பார்த்தாள். இருபத்து நாலு. பென்சிலை எடுத்தவள் அதைக் கீழே வைத்துவிட்டு, டேப்பை மறுபடியும் தோளில் வைத்து இன்னொரு தடவை அளந்தாள்.